‘டாக்டரும் மிட்வைஃபும் ஒரே டீம்’ என்றால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ‘மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் நர்ஸ்) கூடவே இருப்பார், தேவைப்பட்டால் டாக்டர் வருவார், இருவரும் ஒரே டீம்’ என்று ஒரு பேக்கேஜை என் தலையில் கட்டினார்கள். மிட்வைஃப் இருந்தார், டாக்டர் இருந்தார். டீம்தான் இல்லை.

வலியோடு போய்ச் சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்திருந்தது. “அவசரமே இல்லைம்மா, கொஞ்சம் நடங்க, தண்ணி குடிங்க” என்றார் மிட்வைஃப். அவர் சொன்னது சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், தீவிரப் பிரசவ வலியை 5 செ.மீ.யிலிருந்துதான் கணக்கிடுகிறது. மணிக்கு 1 செ.மீ. வீதம் திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வலியைத் தூண்டக் கூடாது என்றும் சொல்கிறது.

அவர் பக்கத்து அறைக்குப் போன நேரத்தில் டூட்டி டாக்டர் வந்தார். “இன்னும் இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு, வலியைத் தூண்டும் மருந்தான ஆக்சிடோசினை டிரிப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். மிட்வைஃப் திரும்பி வந்து, “இது எப்போம்மா போட்டாங்க?” என்று என்னைக் கேட்கிறார். வலியில் துடிப்பவளிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது?

அப்புறம் வலி அடுக்கடுக்காக வந்தது. 10 நிமிடத்தில் 5 தடவைக்கு மேல் கர்ப்பப்பை சுருங்கினால் அது அதிகம். இடையில் ஓய்வு கிடைக்காவிட்டால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நிமிடத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டிய குழந்தையின் இதயத் துடிப்பு மானிட்டரில் 90-க்கு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. மிட்வைஃப் என்னை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கடைசியில் டிரிப் ட்யூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டி அவரே மூடினார். சில நிமிடங்களில் வலி தளர்ந்தது, துடிப்பும் ஏறியது.

டாக்டர் வந்ததும் என் தலைக்கு மேலேயே சண்டை.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க சிஸ்டர்?”

“யார்கிட்ட சொல்லிட்டு ஆரம்பிச்சீங்க டாக்டர்?”

பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகளுக்கு நடுவே வரப்பு மாதிரி நான் படுத்திருந்தேன்.

துடிப்பு மீண்டும் தடுமாறியதால் சிசேரியன் ஆனது. குழந்தை நலம். டிரிப் போடாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் முடிந்திருக்குமோ என்னவோ. ஆனால் போடுகிறவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நிறுத்துகிறவருக்கு அந்த அதிகாரம் முன்கூட்டியே இருந்திருக்கலாம்.

இதற்கு வழிமுறை இல்லாமலும் இல்லை. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நான்கே விஷயங்களை வரிசையாகச் சொல்லி நோயாளியை ஒப்படைக்கும் ‘எஸ்பார்’ முறை பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. மிட்வைஃப் தொடர்ந்து கூடவே இருந்து, தேவைப்படும்போது டாக்டரோடு சேர்ந்து கவனிக்கும் முறையில், கருவி போட்டு எடுக்கும் பிரசவம் குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொல்கிறது. அதை நம்பித்தான் நானும் போனேன்.

புகார் கொடுத்தால், “தாயும் சேயும் நல்லாத்தானே இருக்கீங்க?” என்ற பதில்தான் வந்தது. பில்லில் ஆபரேஷன் கட்டணத்தோடு அந்த ‘டீம்’ கட்டணமும் முழுசாக இருந்தது. எவ்வளவு பேசியும் ஒரு பைசா குறைக்கவில்லை.

பேக்கேஜ் விற்கும் மேசையில் இருப்பவரிடம் எதையும் கேட்டுப் பயனில்லை, அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். லேபர் வார்டுக்கே போய் ஒரு மிட்வைஃபைப் பிடியுங்கள். குழந்தையின் துடிப்பு இறங்கினால் டிரிப்பை நீங்களே நிறுத்தலாமா? டாக்டர் போன் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவீர்கள்? பட்டென்று பதில் வர வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இருவரும் ஒரே கேஸ் ஷீட்டில்தான் எழுதுகிறார்களா என்பதையும் கேளுங்கள். என் விஷயத்தில் ஆளுக்கொரு தாள். டிரிப் ஆரம்பித்த நேரம் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி. இந்தக் காகிதங்களின் நகலை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கேட்டால், ‘ரெக்கார்டு அறைக்குப் போயிடுச்சு’ என்று இழுத்தடிப்பார்கள்.