முகாம் கத்தியைப் பட்டறையில் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

முகாம் கத்திகளுக்குப் பிடி மாற்றி, அலகைத் திருத்தித் தருவதாகக் காணொளிகளில் விளம்பரம் செய்யும் கும்பகோணம் வட்டாரப் பட்டறை ஒன்று என் கத்தியைப் பாழாக்கிய விவரத்தை, அதே வேலைக்காகக் கத்தியை அனுப்ப எண்ணுவோர் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அது 1095 வகைக் கார்பன் எஃகில் செய்த, மடக்க முடியாத கத்தி. தீப்பொறிக் கம்பியை உரசுவதற்கு ஏற்ப முதுகின் விளிம்பைச் செங்கோணமாக்க வேண்டும், பிளாஸ்டிக் பிடியை நீக்கி ஈட்டி மரத்தில் பிடி போட வேண்டும், சுவீடனின் மோரா ஊர்க் கத்திகளில் காண்பதுபோல் இருபுறமும் ஒரே சரிவாக இறங்கும் அலகைக் கிரைண்டரால் தொடவே கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தேன். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள்.

பளபளவென்று மெருகேறித் திரும்பிய கத்தியைக் கொண்டு, கொள்ளிடப் படுகையில் விழுந்து காய்ந்திருந்த பூவரசங் கிளையில் கரண்டி செதுக்கத் தொடங்கியதும் வெட்டும் விளிம்பு மடங்கியது. மீண்டும் கல்லில் தீட்டினேன், மீண்டும் மடங்கியது. திருவையாற்றுப் பக்கம் அரிவாள் அடிக்கும் பெரியவர் ஒருவர் அரத்தை விளிம்பில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல பதமே இல்ல தம்பி, சூடு ஏத்திட்டாங்க" என்றார். பதமுள்ள விளிம்பில் அரம் வழுக்கிச் செல்லும்; என் கத்தியிலோ அது கடித்துத் தூள் எடுத்தது. இவ்வகை எஃகைக் கடினமாக்கிய பின் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவார்கள். நீர் காட்டாமல் கிரைண்டரில் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடிகளில் அந்தச் சூட்டைத் தாண்டி, கடினத்தை இழந்துவிடும். 300 டிகிரியை நெருங்கும்போது எஃகு நீல நிறம் கொள்ளும். அந்த நீலத்தை மெருகு போட்டு அழித்துவிட்டார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் தவறு நேர்ந்ததை அறிந்தே மறைத்திருக்கிறார்கள்.

பிடியின் கதை இதைவிட ஆபத்தானது. ஈட்டி என்று சொன்ன மரம் ஈரம் பட்டதும் கையில் சாயத்தை விட்டது. விறகைப் பிளக்கக் கத்தியின் முதுகில் கட்டையால் தட்டியபோது பிடி பிளந்து, அலகு தனியே தெறித்து விழுந்தது. நல்லவேளையாக எதிரில் எவரும் இல்லை. அலகின் தொடர்ச்சியாகப் பழைய பிடிக்குள் அடிவரை ஓடிய இரும்பு வாலைப் பாதியாக வெட்டி, ஒற்றைக் கட்டையில் துளையிட்டுச் செருகிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். இரு துண்டுகளை வாலின் இருபுறமும் பொருத்திப் பித்தளை ஆணி அடிக்கும் உழைப்பை மிச்சப்படுத்தவே இந்த வேலை என்று கருதுகிறேன்.

கேட்டதற்கு, "கம்பெனி இரும்பே மட்டம் சார்" என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்துள்ளேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை எங்கிருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது வெளியூரிலிருந்து கத்தியை அனுப்பியவர்களுக்குப் பயன்படும்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால், பிடியைக் கழற்றியதும் வால் முழுதாகத் தெரியும்படி ஒரு படமும், பசை இடும் முன் இன்னொரு படமும் அனுப்பச் சொல்லுங்கள். மறுக்கும் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள். பாதித் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிய கத்தியை முதலில் அரத்தால் சோதியுங்கள். சூடேறிய பகுதி விளிம்போடு நின்றிருந்தால், நீரில் நனைத்து நனைத்துக் கல்லில் தேய்த்து அதைக் கடந்துவிடலாம். உள்ளே ஏறியிருந்தால் அலகு முழுவதையும் மீண்டும் உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தியாக வேண்டும். பெரியவர் என் அலகுக்கு அதைச் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வால் பாதியாகிவிட்டதால், அந்தக் கத்தியை இனிச் செதுக்க மட்டுமே பயன்படுத்த முடியும். அதைக் கொண்டு விறகு பிளக்க முடியாது.