டைனோ தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்: சூப்பர்சார்ஜர் போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிக்கப் வண்டிக்குச் சூப்பர்சார்ஜர் (இஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி ஊதும் கருவி) பொருத்தித் தருகிறோம், சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலையும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். தீவின் வடபகுதியில், ஒரு தொழிற்பேட்டையின் மேல்மாடியில் இருக்கும் பட்டறையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பெயரைப் போடப் போவதில்லை. அவதூறு வழக்கு, வக்கீல் நோட்டீஸ் என்று அலைய எனக்கு நேரமில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னாலே போதும்.

திருமணம், கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி என்று ஒலிபெருக்கியும் மேடை விளக்கும் வாடகைக்கு விடுவது என் தொழில். இங்கே ஓடும் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். என்னுடையது பெட்ரோல், நான்கு சிலிண்டர். பெட்டிகளை ஏற்றிவிட்டால் புக்கிட் தீமா விரைவுச்சாலையின் சிறு ஏற்றத்துக்கே முனகும். இலகு சரக்கு வாகனம் என்பதால் விரைவுச்சாலையிலும் 70 கிலோமீட்டர்தான் வரம்பு. "பின்னால் 70 என்று ஒட்டிக்கொண்டு இந்த ஆசை எதற்கு?" என்று மனைவி கேட்காத நாளில்லை. வேகத்துக்காக அல்ல, இழுவைக்காக என்று பதில் சொல்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் இருக்கிறது.

அந்த ஆசைக்கு விதை போட்டது ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். 1999-இல் வந்த மாடலில் 5.4 லிட்டர் வி8 இஞ்சின்மேல் ஈட்டன் சூப்பர்சார்ஜரை உட்காரவைத்து 360 குதிரைத்திறன் எடுத்தார்கள். 2001-இல் அது 380 ஆனது. அழுத்தி ஊதுவதற்காகவே இஞ்சினின் அழுத்த விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவை) 8.4-க்கு இறக்கி, ஊதப்படும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது சூப்பர்சார்ஜர் மட்டும்தான். உள்ளே செய்த வேலைதான் அந்த வண்டியை ஓடவைத்தது. பட்டறை முதலாளியிடம் முதல் நாளே இதைத்தான் சொன்னேன். என் இஞ்சினின் விகிதம் 10-க்கு மேல். பூஸ்ட், அதாவது ஊதும் காற்றின் அழுத்தம், 6 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் பெரியதாக வேண்டும், இன்டர்கூலர் வேண்டும், இஞ்சினின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி முறையாக டியூன் செய்ய வேண்டும். அத்தனைக்கும் தலையாட்டினார். விலைப்புள்ளியில் ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதியும் கொடுத்தார்.

"கடிதமெல்லாம் என் பொறுப்பு, அண்ணே. ஆணையத்தில் நமக்குப் பழக்கமான ஆள் இருக்கிறார். நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள்."

பழக்கமான ஆள் என்ற பேச்சு இந்த ஊரில் செல்லாது. அதனால் விண்ணப்ப எண்ணைக் கேட்டேன். அனுப்புகிறேன் என்றார். அடுத்த வாரமும் அனுப்புகிறேன் என்றார். முன்பணம் ஏற்கெனவே அவர் கையில், வண்டியோ கழற்றிய நிலையில் அவர் பட்டறையில். இந்தத் தொழிலில் வாடிக்கையாளரின் பிடி தளரும் இடம் இதுதான். அதை அவர் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்.

வண்டி தயார் என்று அழைத்த நாளில் ஒரு தாளை நீட்டினார். டைனோ வரைபடம். வழவழப்பான காகிதம், மேலே பட்டறையின் சின்னம், உயர்ந்து செல்லும் சிவப்புக் கோடு, பக்கத்தில் பெரிய எழுத்தில் குதிரைத்திறன். எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நான் கீழ் அச்சைப் பார்த்தேன். கோடு நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டி ஓடியது. என் இஞ்சின் 6,000-ஐ எட்டுவதற்கு முன்பே எரிபொருளை நிறுத்திவிடும். அந்த வரைபடம் என் வண்டியுடையதாக இருக்கவே முடியாது. காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் கோடும் அதில் இல்லை. பூஸ்ட் ஏற்றிய இஞ்சினுக்கு உயிர்நாடியே அந்தக் கோடுதான். முழு அழுத்தத்தில் அது 11.5, 12 என்ற அளவில் நின்றால் இஞ்சின் பிழைக்கும். பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் பிஸ்டன் போய்விடும்.

கேட்டேன். "அது மாதிரித் தாள் அண்ணே, அச்சு இயந்திரத்தில் மாறி வந்துவிட்டது. உங்களுடையதை நாளை அனுப்புகிறேன்" என்றார். மீதித் தொகையைக் கட்டினால்தான் சாவி. மறுநாள் ஒரு திருமண மண்டபத்தில் மேடை போட வேண்டும். கட்டினேன், ரசீதில் "டைனோ டியூனிங் உட்பட" என்று எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வண்டியின் இழுவை உண்மையில் பிரமாதமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. மிதித்த நொடியே வரும் அந்த வலு டர்போவில் கிடைக்காது. சூப்பர்சார்ஜர் இஞ்சினோடு பெல்ட்டில் சுழல்வதால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 6 பிஎஸ்ஐக்கு இது அதிகம் என்று உள்ளுக்குள் ஓர் உறுத்தல். சில நாட்களிலேயே சிலேத்தார் விரைவுச்சாலையில், முழுச் சுமையோடு, மதிய வெயிலில், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். காலை எடுப்பதற்குள் நீலப்புகை. அங்கிருந்து இழுவை வண்டிதான்.

இன்னொரு பட்டறையின் மூத்த மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக்கை மட்டும் எடுத்து விளக்கருகே பிடித்து, "இதைப் பாருங்கள், தம்பி" என்றார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவுக்கும் சிறிய, பளபளக்கும் புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். தீப்பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மீதிக் கலவை சூடு தாங்காமல் தானாக வெடித்து, பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி போட்டிருக்கிறது. திறந்து பார்த்தபோது பிஸ்டனில் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது.

ஏன் என்பதற்கும் பதில் அங்கேயே கிடைத்தது. பெரிய இஞ்செக்டர்களுக்குப் பணம் வாங்கியிருந்தார். உள்ளே இருந்தவை வண்டியோடு வந்த பழையவை. பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சமாளித்திருக்கிறார். சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லி, விலைப்புள்ளியில் எழுதியதைவிடச் சிறியது. புல்லி சிறுத்தால் சுழற்சி கூடும், பூஸ்ட் ஏறும், வாடிக்கையாளர் முதல் நாளில் வாயைப் பிளப்பார். இன்டர்கூலர் இருந்தது, ஆனால் அதன் தண்ணீர் பம்புக்கு மின்சாரமே கொடுக்கவில்லை. எனக்கு அதிகம் ஆத்திரம் மூட்டியது, டியூனிங் அளவுகளை வைத்திருக்கும் துணைக் கணினிதான். அதில் இருந்த கோப்பின் தேதி, என் வண்டி அந்தப் பட்டறைக்குள் நுழைவதற்கு முந்தைய தேதி. பெட்டியில் வந்ததை அப்படியே விட்டிருக்கிறார். டியூனிங் என்று வாங்கிய பணத்துக்கு ஒரு விரல்கூட அசையவில்லை.

ஒப்புதலுக்கு விண்ணப்பமே போகவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. சூப்பர்சார்ஜர் பொருத்த ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதமோ சிறையோ காத்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் வண்டியின் உரிமையாளர். பட்டறைக்காரர் வாய்மொழியாகக் கொடுத்த உறுதியைச் சாலையோரத்தில் யாரிடம் காட்டுவது? விபத்து நடந்திருந்தால் காப்புறுதி நிறுவனமும் கையை விரித்திருக்கும்.

அவரிடம் போனேன். அண்ணன் என்ற முறை அன்றோடு போயிற்று. "நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை, 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டிருப்பீர்கள்" என்றார். தானாக வெடிக்காமல் அதிகம் தாங்கும் 98 நிரப்பிய ரசீதுகளைக் காட்டினேன். "இந்த மாதிரி வேலைக்கு உத்தரவாதம் யாரும் தருவதில்லை" என்றார். ஓட்டியதைப் பற்றிப் பேசலாம், போடாத இஞ்செக்டருக்கு வாங்கிய பணத்தைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்றதும் கைபேசி ஒலித்ததாக உள்ளே போய்விட்டார்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வக்கீல் கிடையாது, நீங்களே பேச வேண்டும். எனக்குக் கைகொடுத்தவை விலைப்புள்ளி, ரசீது, குறுஞ்செய்திகள், பழைய இஞ்செக்டர்களின் படங்கள், அந்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவைதான். 7,000 சுற்றுத் தாளை மேசைமேல் வைத்ததும் அவர் பேச்சு சுருங்கிவிட்டது. இஞ்செக்டருக்கும் டியூனிங்குக்கும் வாங்கியதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டு சமரசமானது. இஞ்சினைத் திரும்பக் கட்டிய செலவில் ஒரு பகுதிதான் வந்தது. தீபாவளிக் காலத்தில் வாடகை லாரிக்குக் கொடுத்த பணம் வரவில்லை.

இப்போது வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே ஓடுகிறது. போன மாதம் சிராங்கூன் ரோட்டில் சந்தித்த ஒரு நண்பர், தன் பிக்கப்புக்கும் இதே வேலையைச் செய்ய முன்பணம் கொடுக்கப்போவதாகச் சொல்லிக் கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அதே சிவப்புக் கோடு, அதே 7,000. அவருடையது டீசல் வண்டி.