போடாக்ஸ் ஊசி: அழகுக்காக இல்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்க

போடாக்ஸ் என்றாலே நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி என்றுதான் நிறைய பேருக்குத் தெரியும். நான் போட்டுக்கொள்வது பிளெஃபரோஸ்பாசம் என்ற தொல்லைக்காக. இரண்டு கண் இமைகளும் தாமாகவே இறுக மூடிக்கொள்ளும், வெயிலிலும் படிக்கும்போதும் இன்னும் மோசம், பார்வை நன்றாக இருந்தும் சாலையைக் கடக்க முடியாது. அமெரிக்காவில் 1989இல் இந்த மருந்துக்கு முதலில் அனுமதி கிடைத்ததே இதற்கும் மாறுகண்ணுக்கும்தான். புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்கான அனுமதி 2002இல்தான் வந்தது.

மருந்து எப்படி என்றால், எனக்கு மிக நன்றாகவே வேலை செய்கிறது. தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வராமல் இது தடுத்துவிடுகிறது, அதனால் இமையைச் சுற்றியுள்ள தசை தளர்ந்துபோகிறது. ஊசி மெல்லியது, ஆனாலும் இமை ஓரத்தில் குத்தும்போது சுருக்கென்று வலிக்கும், கண்ணீர் வரும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கே பலனை எதிர்பார்க்காதீர்கள். சில நாள் கழித்துத்தான் இறுக்கம் குறையத் தொடங்கும், ஓரிரு வாரத்தில் முழுப் பலன் தெரியும், அப்புறம் மூன்று மாதம் போல நிம்மதி. பிறகு மெதுவாகத் திரும்பி வரும். நோயை இது குணப்படுத்தாது, அதுதான் பெரிய குறை.

ஆனால் மருந்தைவிட முக்கியம் அதைப் போடும் கை. முதலில் நான் போன இடத்தில் அவசர அவசரமாகப் போட்டார்கள், ஒரு பக்க இமை தொங்கிப்போய் பல வாரம் பாதிக் கண்ணோடு திரிந்தேன். மேல் இமையின் நடுப்பகுதியில் போட்டால் மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவலாம், அதனால் தெரிந்தவர்கள் இரண்டு ஓரங்களில்தான் போடுவார்கள் என்று இப்போது பார்க்கும் கண் மருத்துவர்தான் விளக்கினார். அவர் முதலில் என்னைப் பேசவிட்டு இமைகள் எப்படித் துடிக்கின்றன என்று பொறுமையாகப் பார்க்கிறார், போன முறை எங்கே எவ்வளவு போட்டார் என்று குறித்து வைத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் இந்த முறை அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார். இப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

எந்த பிராண்ட் என்றும் கேளுங்கள். இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட்டின் ஒரு யூனிட்டும் போடாக்ஸின் ஒரு யூனிட்டும் சமம் இல்லை, எண்ணை மட்டும் ஒப்பிட்டு அங்கே அதிகம் தருகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

அழகுக்காகப் போடுவதை நான் தவறாக நினைக்கவில்லை. முகத்தை அசைக்கும்போது விழும் கோடுகளுக்கு நன்றாகக் கேட்கும், தோல் தொய்வுக்கு உதவாது. ஆனால் மருத்துவர் இல்லாத பார்லரில் போட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். இது கொல்லக்கூடிய நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் எடுத்துச் செய்த மருந்து. கர்ப்பமாக இருந்தாலோ, மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற தசை பலவீன நோய் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கண்ணுக்குப் போடுபவர்களுக்கு இன்னொன்று: இமைப்பது குறைவதால் கண் வறண்டுவிடும், எனவே என்ன சொட்டு மருந்து போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.