பன்றி ரூபாயா, 1922-ஆ? சிறிய பட்ஜெட்டில் அரிய வெள்ளி ரூபாய்

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது 1911-ஆம் ஆண்டு நாணயத்தைத்தான். ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் வந்த முதல் ரூபாய் அது. அரசரின் அங்கிமேல் கிடக்கும் ஆரத்தில் ஒரு சிறு யானை உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. அச்சான சுமார் 94 லட்சம் நாணயங்களில் 7 லட்சம் அளவுக்குத்தான் புழக்கத்துக்குப் போயிருந்தன. மீதியை அரசு உருக்கிவிட்டது. 1912-இல் துதிக்கை நீண்ட, திருத்தப்பட்ட யானை வந்தது.

கதை அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையே விலையை ஏற்றி வைத்திருக்கிறது. ஆரம்பத்திலேயே பேர்பெற்றுவிட்டதால் இதைப் பத்திரப்படுத்தியவர்கள் ஏராளம். இன்றும் நாணயக் கண்காட்சிகளில் நாலு மேசை தாண்டினால் ஒரு ‘பன்றி ரூபாய்’ கண்ணில் படும்.

1922-ஆம் ஆண்டு ரூபாயை அப்படிப் பார்க்க முடியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் ரூபாய்க்கு இருந்த தேவை பயங்கரமானது. 1918-இல் மட்டும் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் சேர்ந்து 40 கோடிக்கு மேல் அச்சிட்டன. வெள்ளி போதாமல், அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களில் ஏறத்தாழ 26 கோடியை உருக்கி, இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. போர் முடிந்து நிலைமை தணிந்ததும் அச்சு வேகமாகச் சரிந்தது. 1921-இல் 51 லட்சம், 1922-இல் 20 லட்சத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதன் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்துக்கென்று ரூபாய் நாணயமே அச்சாகவில்லை.

என் கையில் இருக்கும் தொகை ஒரு நாணயத்துக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் 1922-ஐ எடுப்பேன். காரணம் தேய்மானம். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாவது ‘ஃபைன்’ (நன்றாகத் தேய்ந்தது), நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் ‘வெரி ஃபைன்’ (அதைவிடக் குறைவாகத் தேய்ந்தது) தரம். ‘ஃபைன்’ தரத்து 1911 ரூபாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆரம் மழுங்கியிருக்கும், யானை இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கும். எதற்காக அந்த நாணயத்தைத் தேடினோமோ அதுவே அழிந்துபோனபின் வெறும் ஆண்டுக்காக ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? 1911 வேண்டும் என்றால் யானையின் கால்கள் தனித்தனியாகத் தெரியும் தரத்துக்குக் காசு சேரும்வரை காத்திருப்பதே சரி. 1922-இன் அருமை முழுக்க ஆண்டு எண்ணில் இருக்கிறது. அது பின்புறத்தில் மலர் வளையத்துக்குள் பத்திரமாக இருப்பதால், அரசர் முகம் எவ்வளவு தேய்ந்தாலும் படிக்க முடிகிறது. அதாவது, மலிவான தரத்தில் வாங்கினாலும் வாங்கவேண்டியதை வாங்கிவிடுகிறோம்.

1921, 1922 இரண்டும் பம்பாயில் மட்டுமே அச்சானவை. பின்புறத்தில் கீழே உள்ள தாமரைக்கு அடியில் சிறு புள்ளி ஒன்று மேடாக இருக்க வேண்டும். புள்ளி இல்லாத 1922 வந்தால் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1922 அகப்படாவிட்டால் 1921 நல்ல மாற்று. அதையும் அலட்சியமாகக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது போட்டியாளர், ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய். 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ஆண்டு அது. 1940-இல் வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய ரூபாய்களை அரசு திரும்பப் பெற்று உருக்கியதில் 1939 ஏறக்குறைய காணாமலே போனது. இதுவும் ஆண்டு எண்ணுக்காகத் தேடப்படுவதுதான், தேய்ந்ததற்கும் மதிப்பு உண்டு. ஆனால் ‘மலிவான தரம்’ என்று இதற்கு ஒன்று கிடையாது. எந்தத் தரத்திலும் மற்ற இரண்டைவிடப் பல மடங்கு விலை. 1938-இன் கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கியவை, அச்சில் ஊற்றி வார்த்தவை என்று போலிகளும் மலிந்து கிடக்கின்றன. தரச்சான்றுப் பேழையில் (தரம் சோதிக்கும் நிறுவனம் நாணயத்தைப் பார்த்து மூடி முத்திரையிட்டுத் தரும் பிளாஸ்டிக் உறை) இல்லாத 1939-ஐ எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் தொட வேண்டாம்.

எதை வாங்கினாலும் எடை போடுங்கள். முழு எடை 11.66 கிராம், தேய்ந்தது சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நம் வீடுகளில் வெள்ளி ரூபாய்க்கு வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கோத்த வழக்கம் உண்டு. வளையத்தை எடுத்தபின் அந்த ஈயத் தழும்பை அராவி மறைத்திருப்பார்கள், அரசர் கிரீடத்துக்கு நேர் மேலே வரிப்பள்ளங்கள் மட்டும் மழுங்கியிருக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பதை ‘புத்தம்புதுசு’ என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். கருத்துப்போய், தொடாமல் கிடந்த 1922-ஐத் தேடுங்கள். அந்தக் கருமையைக் கழுவிவிடாதீர்கள்.