தையல் லைனுக்கு டவர் லைட்: வாங்கலாமா?

பனியன் கம்பெனியில் க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர்கள் "நமக்கெதுக்கு வம்பு" என்பதைத் தினமும் கேட்டிருப்பார்கள். ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டுப் போவது டெய்லருக்குத் தெரியும், பக்கத்து மெஷின்காரருக்கும் தெரியும். "கண்டுக்காதீங்க, செக்கிங்ல பாத்துக்குவாங்க" என்று பீஸ் கட்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடும். ஷிப்மென்ட் நெருங்கினால் "ஓட்டி விடு". சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் ஆமாஞ்சாமி ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அதற்காகத்தான் எங்கள் லைனில் டவர் லைட் மாட்டினோம். சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று அடுக்கு, 24 வோல்ட், கூடவே பஸ்ஸர். ஒவ்வொரு டேபிளிலும் கை எட்டும் இடத்தில் ஒரு பட்டன். தப்பு கண்ணில் பட்டால் அமுக்க வேண்டும், விளக்கு எரியும், சூப்பர்வைசர் வந்து பார்ப்பார். டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் தப்பு தெரிந்தால் கயிறு இழுப்பார்களே, அதே ஏற்பாடுதான். அங்கே இழுத்த உடனே லைன் நின்றுவிடாது. டீம் லீடர் வந்து பார்ப்பார், வண்டி குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் நிற்கும். இதன் வேர் நம்ம தொழிலில்தான் இருக்கிறது. சகிச்சி டொயோடாவின் 1924-ஆம் வருடத் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். நம்மூர் நிட்டிங் மெஷினும் அப்படித்தான், விளக்கு எரிந்து நிற்கிறது. மெஷினுக்கு இருக்கிற அந்த உரிமை டெய்லருக்கு இல்லையே என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

சரி, சாமான் எப்படி? வெளிச்சம் அருமை, கடைசி டேபிள் வரை தெரிகிறது. பட்டனில் பஞ்சுத் தூசி அடைகிறது, ரப்பர் மூடி போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். பஸ்ஸரைக் கழற்றி விடுங்கள். அது கத்தினால் மொத்த லைனும் திரும்பி அமுக்கியவரைப் பார்க்கும். புதிதாக வந்த பெண் அப்புறம் பட்டன் பக்கமே கை வைக்க மாட்டாள்.

வந்து நிற்கிற சூப்பர்வைசர் "யாரு அமுக்கினது?" என்று கேட்டால் போட்ட காசு வீண். எங்கள் சூப்பர்வைசர் "எந்த இடத்துலங்க அக்கா?" என்றுதான் கேட்பார். பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் அக்கா ஊசி முனை உடைந்ததும் அமுக்கினார். பிறந்த குழந்தைக்கான உடுப்பு அது. உடைந்த துண்டு கிடைக்கும்வரை அந்தக் கட்டில் ஒரு பீஸ்கூட நகரவில்லை. முன்பு மாதிரி இருந்தால் வேறு ஊசி மாட்டி ஓட்டியிருப்பார்கள்.

மாட்டுவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்று பேசிவிடுங்கள். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்களுக்கு லைன் நின்ற நேரத்துக்கும் கூலி போட வேண்டும். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விளக்கை வாங்காதீர்கள்.