மலைமேல் சமையலறை: திறந்த தட்டா, கதவு போட்ட கப்போர்டா?

எங்கள் வீடு கோத்தகிரியில். சமையலறை பத்தடிக்கு எட்டடி. வீடு கட்டியவர் பதித்துவிட்டுப் போன கடப்பா கல் தட்டுகள் இரண்டு, மேலே ஒரு பரண், அவ்வளவுதான் இருந்தது. மாமியார் எங்களோடு வந்து தங்க ஆரம்பித்தபோது அவருடைய பித்தளைப் பாத்திரங்கள், இட்லிப் பானை, ஊறுகாய் ஜாடிகள், எதற்கென்று அவருக்கே தெரியாத ஏழெட்டுத் தூக்குவாளிகள் எல்லாம் கீழேயிருந்து ஏறி வந்துவிட்டன. இடம் போதவில்லை. சுவரில் இன்னும் நாலு தட்டு அடித்துத் திறந்தபடியே விடுவதா, கதவு போட்டு கப்போர்டாகச் செய்வதா என்று வீட்டில் ஒரு மாதம் பஞ்சாயத்து.

இணையத்தில் தேடினால் வருகிற யோசனை எல்லாம் சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் எழுதியது. திறந்த தட்டில் தூசி படியும், கப்போர்டு பார்க்க அழகாக இருக்கும், இந்த இரண்டையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். 6,000 அடி உயரத்தில் தூசி ஒரு பிரச்சினையே இல்லை, இங்கே எதிரி ஈரம். மழை, மூடுபனி, அதற்கு மேல் நாமே குக்கரிலும் இட்லிப் பானையிலும் கிளப்புகிற ஆவி. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாதிப் பேர் சமைக்கிறோம். அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் வீட்டிலேயே ஆகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தண்ணீராகப் படியும், அது பெரும்பாலும் வெளிச்சுவர்தான். டிசம்பரில் காலை எழுந்து வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

இப்போது அந்தச் சுவரில் ஒட்டினாற்போல் ஒரு கப்போர்டை மாட்டினால் என்ன ஆகும்? பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் காற்று அசையாது. போன ஈரம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியே நாலு நாள் வெயில் அடித்தாலும் உள்ளே காயாது, ஏனென்றால் கதவைச் சாத்தித்தானே வைத்திருக்கிறோம். நிறையப் பேர் கதவு போட்டால் ஈரம் உள்ளே வராது என்று நினைக்கிறார்கள். வரும், மெதுவாக வரும், போகும்போது அதைவிட மெதுவாகப் போகும். மரக்கரண்டி, சப்பாத்திப் பலகை, பிரம்புக் கூடை, கைப்பிடித் துணி எல்லாவற்றிலும் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை பூப்பது இப்படித்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் அவசரப்பட்டுக் கீழே ஒரு கடையில் ரெடிமேட் கப்போர்டு வாங்கி மேட்டுப்பாளையம் வழியாக வேனில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. ஐப்பசி மழை பிடித்தது. பொங்கலுக்குப் பார்த்தால் அடி ஓரமெல்லாம் டீயில் முக்கிய வர்க்கி மாதிரி ஊதி, சன்மைக்கா தனியாக வாய் பிளந்து நின்றது. கீல் திருகுகள் கையாலேயே கழன்று வந்தன. கடையில் கேட்டதற்கு, தண்ணீர் பட்டிருக்கும், அதற்குக் கேரண்டி கிடையாது என்றார்கள். தண்ணீர் படவே இல்லை, கோத்தகிரிக் காற்று பட்டது, அவ்வளவுதான்.

ஆகவே கப்போர்டுதான் வேண்டும் என்றால் பலகையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பிளைவுட்டில் எம்.ஆர். என்று ஒரு ரகம் விற்கிறார்கள், ஈரத்தைத் தாங்கும் என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம், ஆனால் அது கீழே ஹாலில் வைக்கிற டிவி ஸ்டாண்டுக்குச் சரி. இங்கே சமையலறைக்கு பி.டபிள்யூ.பி. ரகம் வேண்டும், பலகையில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கும், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடக் கூடாது என்பது அதன் சோதனை. அதை வாங்கிவிட்டும் ஏமாற இடம் இருக்கிறது. முன்பக்கம் பளபளவென்று சன்மைக்கா ஒட்டிவிட்டு, அறுத்த விளிம்புகளையும் பின்பலகையையும் பச்சையாக விட்டுவிடுவார்கள். ஈரம் நுழைவதே அந்த இரண்டு வழியாகத்தான். பெயிண்டோ, வார்னிஷோ, ஏதாவது ஒன்றை எல்லா விளிம்பிலும் பூசச் சொல்லி, பூசி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றுவிடுங்கள். பிவிசி கப்போர்டு ஊதாது, பூஞ்சையையும் துடைத்துவிடலாம், ஆனால் அடுப்புப் பக்கத்தில் சூட்டுக்கு வளைகிறது, எலி கடித்தால் ஓட்டை விழுகிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை.

சரி, திறந்த தட்டுக்கு வருவோம். அதன் பெரிய பலம் காற்றோட்டம், அடுத்தது செலவு. கதவில்லை, கீலில்லை, பூட்டில்லை, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். எங்கள் ஆசாரி சில்வர் ஓக் பலகை போடலாம் என்றார். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற மரம்தானே, இங்கே சுலபமாகக் கிடைக்கும். "நல்லாக் காஞ்சதா இருக்கணுங்க அக்கா, பச்சையா அறுத்துப் போட்டா மூணே மாசத்துல முறுக்கிக்கும்" என்று அவரே எச்சரிக்கையும் செய்தார். 18 மில்லிமீட்டர் பலகை என்றால் இரண்டடிக்கு ஒரு பிராக்கெட் கட்டாயம், பித்தளை அடுக்குகிறவர்கள் அதைவிட நெருக்கமாகவே போடலாம். பழைய கல் சுவர், அதுவும் மண் சாந்தில் கட்டியது என்றால் டிரில் போட்டால் மண்தான் உதிரும், திருகு நிற்காது. அந்த வீடுகளில் தட்டு, கப்போர்டு இரண்டையுமே சுவரில் தொங்கவிடாமல், தரையில் நிற்கிற ஸ்டீல் ராக் வாங்கிச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைப்பதுதான் உத்தமம்.

திறந்த தட்டின் குறையையும் மறைக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்திச் சமைக்கிறோம் என்று சொன்னேனே, தாளிப்புப் புகை முழுக்க உள்ளேயே சுற்றி, தட்டில் இருக்கிற எல்லாவற்றின்மேலும் பிசுக்காகப் படிகிறது. தினம் எடுத்துக் கழுவுகிற தட்டு, டம்ளர், வாணலியில் அது தெரியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற முறுக்கு அச்சைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கு நேர் மேலும் பக்கத்தில் மூன்றடிக்குள்ளும் திறந்த தட்டு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் குரங்கு. ஜன்னல் வழியாகத் தட்டில் வாழைப்பழம் தெரிந்தால் அது வலையைப் பிய்த்துக்கொண்டாவது வரும். கப்போர்டுக் கதவைத் திறக்கவும் அதற்குத் தெரியும், ஆனால் கண்ணில் படாதவரை பிழைத்தோம். கரடி வருகிற பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் எந்த யோசனையும் சொல்வதாக இல்லை, வெல்லமும் எண்ணெயும் மணந்தால் அது கப்போர்டை மட்டுமா உடைக்கும், வாசல் கதவையே அல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுப் பொருளுக்கு இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டால், இரண்டுமே இல்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும், மழை மாதங்களில் இங்கே அதற்குக் குறைகிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். காப்பித்தூள் கட்டி தட்டும், அப்பளம் தோல் மாதிரி ஆகும், வர்க்கி பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். இதையெல்லாம் காப்பாற்றுவது இறுக்கமான மூடி ஒன்றுதான். ரப்பர் வளையம் போட்ட டப்பாவில் இருந்தால் அது எங்கே நின்றாலும் ஒன்றுதான், உப்புக்குப் பீங்கான் ஜாடியைவிட நல்லது எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கேஸ் சிலிண்டரை மேடைக்கு அடியில் வைத்திருப்பவர்கள் அழகுக்காக அங்கே இறுக்கமான கதவு போட்டுவிடுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். கதவு போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் விடுங்கள். நாங்கள் அந்த இடத்தைத் திறந்தே விட்டுவிட்டோம்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருப்பதை மாமியார்தான் நினைவுபடுத்தினார். அவர் பிறந்த வீட்டில் வலைக் கதவு போட்ட அலமாரி இருந்ததாம், எறும்பு ஏறாமலிருக்க நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, பாலும் நெய்யும் அதில்தான் வைப்பார்களாம். காற்றும் போகும், எலியும் வராது. கண்ணாடிக் கதவு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை, பழைய ஓட்டல் மாதிரி இருக்கிறது என்றார்.

கடைசியில் செய்தது இது. ஹாலை ஒட்டிய உள்சுவர் எப்போதும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், கப்போர்டு அங்கே போனது, 710 பிளைவுட், கதவுச் சட்டத்துக்குள் கண்ணாடிக்குப் பதில் துருப்பிடிக்காத வலை, பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு அங்குல ரீப்பர் கட்டை. முறுக்கு அச்சு, பண்டிகைப் பாத்திரம், மளிகை டப்பா எல்லாம் அதில். வெளிச்சுவரில் திறந்த தட்டு மட்டும், அதில் தினப்படிப் பாத்திரங்கள். தூக்குவாளிகள் பரணுக்குப் போய்விட்டன.

ஒன்று மட்டும். ஆசாரி வேலையை மழைக்கு நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது பலகையே ஈரம் குடித்துத்தான் இருக்கும், காய்ந்ததும் கதவுகள் இடைவெளி விடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஊட்டிக்கு மேற்கே, கூடலூர்ப் பக்கமெல்லாம் ஆனி, ஆடியில்தான் கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. எந்தப் பக்கமானாலும் மாசி, பங்குனி தோதான சமயம். எங்கள் ஆசாரி மாசியில் வருகிறேன் என்று சொல்லிச் சித்திரையில்தான் வந்தார்.