சக் குளோஸின் ‘கீத்’: தேய்ந்த தகட்டில் ஒரு முகம்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் அச்சோவியத் தொகுப்பில் உள்ள ‘கீத்’, அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1972-இல் தம் நண்பரின் புகைப்படம் ஒன்றை வைத்து மெஸ்ஸோடின்ட் முறையில் உருவாக்கிய உருவப்படம். மூன்றரை அடிக்கும் மேல் உயரமுள்ள செப்புத் தகட்டில் ஒரே ஒரு முகம். பின்னணியில் வேறெதுவும் இல்லை.

மெஸ்ஸோடின்ட் முறையில் ஓவியர் கறுப்பிலிருந்து வெளுப்பை நோக்கி வேலை செய்கிறார். தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்கிவிட்டால், அந்தச் சொரசொரப்பு மையைப் பிடித்துக்கொண்டு அடர்ந்த கறுப்பாக அச்சாகும்; வெளிச்சம் வேண்டிய இடத்தைச் சுரண்டித் தேய்த்து வழுவழுப்பாக்கினால் அங்கே மை தங்காது. 1642-இல் லுட்விக் ஃபான் சீகன் செய்த முதல் மெஸ்ஸோடின்டும் ஓர் உருவப்படமே. ஆனால் குளோஸ் எடுத்துக்கொண்ட அளவுக்குக் கையால் தகட்டைச் சொரசொரப்பாக்குவது இயலாத காரியம் என்பதால், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இருந்த கிரௌன் பாயின்ட் அச்சகத்தில் அதன் நிறுவனர் கேத்தன் பிரவுனும் குளோஸும், நுண்புள்ளிகளால் ஆன புள்ளித்திரையைப் புகைப்பட முறையில் தகட்டில் அரித்துப் பதித்தார்கள்.

இந்த அச்சில் நான் மிகவும் மதிப்பது வாய்ப்பகுதியை. குளோஸ் முகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, வாயிலிருந்து வேலையைத் தொடங்கினார். செய்தது சரிதானா என்று பார்க்க அடிக்கடி சோதனைப் பிரதி எடுத்ததில் அந்த இடத்துச் சொரசொரப்பு தேய்ந்துபோய், முகத்தின் மற்ற பகுதிகளைவிட அது வெளிறி நிற்கிறது. கட்டங்களின் கோடுகளும் மறையாமல் தெரிகின்றன. கச்சிதத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கோ, ஒரு முகம் எந்த வரிசையில் உருவானது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் அச்சோவியம் வேறு தெரியவில்லை. குளோஸே பின்னாளில் கட்டங்களை மறைக்காமல் ஓவியத்தின் உறுப்பாகவே ஆக்கிக்கொண்டார் என்பதை நினைத்தால், இந்தத் தகட்டின் முக்கியத்துவம் இன்னும் கூடுகிறது.

கைப்பேசித் திரையில் பார்த்தால் சற்று மங்கலான புகைப்படம் போலத்தான் இருக்கும். அதை வைத்து இந்தப் படைப்பை எடைபோட வேண்டாம். நேரில், முதலில் தள்ளி நின்று முழு முகத்தையும், பிறகு நெருங்கி உதடுகளைச் சுற்றியுள்ள கட்டங்களையும் பார்க்க வேண்டும். தாளில் உள்ள படைப்புகளை வெளிச்சம் பாதிக்கும் என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றை எப்போதும் சுவரில் வைப்பதில்லை. இதற்காகவே செல்பவர்கள், காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.